செருப்பு எடுக்கும் நாள்

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் தென்காசிக்கு முதலில் சாரல் வரும். அடுத்து, அதுவரை போன்கூடப் பண்ணாத சொந்தக்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள். அதற்கும் அடுத்து ஒற்றைச் செருப்புகள் வரும். சாரலைப் பற்றியும் சொந்தக்காரர்களைப் பற்றியும் பேச ஊரில் ஆளுண்டு. ஒற்றைச் செருப்பு என் இலாகா.

எங்கள் நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் மறுசுழற்சித் திட்டத்துக்கு நான்தான் பொறுப்பு. நகராட்சி ஒரு தகரக் கொட்டகையும் மூன்று பேட்டரி வண்டிகளும் தந்திருக்கிறது. வீடு வீடாகப் போய் மக்குவது தனி, மக்காதது தனி என்று வாங்கி வந்து, கொட்டகையில் கொட்டி, பிரித்து, எடுத்துக்கொள்கிற இடங்களுக்கு அனுப்புவது வேலை. நான் பொறுப்புக்கு வந்தது தகுதியால் அல்ல. முதல் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தபோது, இன்னும் கொஞ்சம் பேசினால் குப்பை தானாகவே வெட்கப்பட்டு மக்கிவிடும் என்று சொல்லிவைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து, ஒரு காகிதத்தை இரண்டாக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தவன் நான். ஊர்க் குப்பையைக் குறைக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் அகப்படவில்லை போலும்.

குற்றாலத்துக் குப்பையிலும் ஒரு பங்கு சீசனில் எங்களிடம் வரும். ஷாம்பு பாக்கெட்டும் எண்ணெய்ப் பாட்டிலும் பரவாயில்லை, அவற்றுக்கு வழி இருக்கிறது. செருப்புக்குத்தான் இல்லை. அருவியில் திடீரென்று தண்ணீர் கூடும். போலீஸ் விசில் அடிக்கும். ஜனம் விழுந்தடித்து ஓடும். ஒரு செருப்பு காலோடு வரும், இன்னொன்று தண்ணீரோடு போகும். ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று அதையும் அங்கேயே வீசிவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறிவிடுவார்கள். பிளாஸ்டிக் எடுப்பவரிடம் கொண்டு போனால் இது ரப்பர் என்பார். ரப்பர் எடுப்பவர் டயர்தான் எடுப்பேன் என்பார். கொட்டகை மூலையில் செருப்பு மலை வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் மதுரைப் பக்கம் ஒருவர் அகப்பட்டார். செருப்பை அரைத்துப் பாய் செய்கிறவர். முழு லோடு சேர்ந்தால் லாரி அனுப்புவேன், அரை லோடுக்கு அனுப்பமாட்டேன் என்றார்.

எங்களிடம் இருந்தது அரை லோடு. மீதி அரையை வீடுகளில் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து, நானே உட்கார்ந்து ஒரு நோட்டீஸ் எழுதினேன். 'வெள்ளிக்கிழமை காலை, செருப்பு எடுக்கும் நாள். தங்கள் செருப்புகளை வாசலில் வைத்துவிடவும். எங்கள் பணியாளர்கள் எடுத்துக்கொள்வார்கள்.' 'பழைய' என்ற சொல்லை முதலில் போட்டிருந்தேன். செருப்பு என்றால் பழையதுதானே, புதிதை யார் கொடுக்கப்போகிறார்கள், ஒரு சொல் மிச்சம் என்று அடித்துவிட்டேன். சிக்கனமான மொழிநடை எனக்குப் பிடிக்கும்.

என் மனைவியிடம் போனில் வாசித்துக் காட்டினேன். அவள் குவைத்தில் நர்ஸ், போய் ஆறு வருஷம் ஆகிறது. மகளின் படிப்பு முடியும்வரை என்று போனவள். அந்த வருஷம் மகள் படித்து முடித்து கோயம்புத்தூரில் வேலைக்கும் போய்விட்டாள். அந்தச் சீசனோடு என் மனைவியின் ஒப்பந்தமும் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போடலாம், போடாமல் ஊருக்கும் வரலாம். இரண்டு மாதமாக இதுதான் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. வந்துவிடு என்று நான் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் அங்கே ஒரு வார்டுக்கே தலைவி. இங்கே வந்தால் செருப்புப் பொறுக்குகிறவன் பெண்டாட்டி. சொல்லி, அவள் வரவில்லை என்றுவிட்டால் அந்தப் போனை எப்படி வைப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. அதனால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு ஜோக் அடிப்பேன். அவள் சிரிப்பாள். பேச்சு வேறு பக்கம் போய்விடும். இதில் எனக்கு நல்ல பழக்கம்.

நோட்டீஸைக் கேட்டுவிட்டு அவள், வாசலில் வேண்டாம், பையில் போட்டுக் கையில் தரச் சொல்லுங்க என்றாள். வார்டுக்காரிக்கு எல்லாம் பையில் போட்டு லேபிள் ஒட்டவேண்டும் என்று கேலி செய்தேன்.

எங்கள் வீட்டு வாசலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவள் ஏர்போர்ட்டுக்குப் போன அன்று புது ஷூ போட்டுக்கொண்டு கிளம்பினாள். வீட்டில் போடும் ரப்பர் செருப்பை, நீல வார் வைத்தது, வாசல்படியின் இடது பக்கம் கழற்றிவிட்டுப் போனாள். அன்றைக்கு அதை எடுத்து உள்ளே வைக்க மனசில்லை. அடுத்த நாளும் இல்லை. பிறகு அது அங்கேயே கிடந்தது. வீட்டில் பெண்பிள்ளை இருக்கிறாள் என்று நினைத்துத் திருடன் பயப்படுவான் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். எந்தத் திருடன் பெண்பிள்ளைக்குப் பயப்படுவான் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்ளவில்லை. வாசல் பெருக்கும்போது அதைத் தூக்கிவிட்டுப் பெருக்கி, மறுபடி அதே இடத்தில், அதே கோணத்தில் வைப்பேன். பத்து நாளைக்கு ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவித் துடைப்பேன். இதை எழுதும்போதே காது சூடாகிறது. வயசு ஐம்பதைத் தாண்டிய ஆள், ஆள் போடாத செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் ஒரு வண்டியோடு குற்றாலம் போய்விட்டேன். ஐந்தருவியில் மூன்று சாக்கு, மெயின் அருவியில் ஐந்து சாக்கு. சாரல் முகத்தில் அடிக்க, நனைந்த செருப்புகளை அள்ளிப் போட்டுக்கொண்டு, முழு லோடு, முழு லோடு என்று பாடாத குறையாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எதிர் வீட்டு ரிட்டயர்டு ஏட்டு.

"என்னவே, நம்ம தெருவுல களவு போயிருக்குவே. செருப்புக் களவு. எங்க வீட்டுல ஆறு சோடி. என் தோல் செருப்பு, மருமவ இந்த மாசப் பொறப்புக்குத்தான் வாங்கித் தந்தது, அதையும் சேத்து."

நான் சிரித்தேன். போலீஸ்காரர் வீட்டிலேயே களவா என்று கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே என் நோட்டீஸ் நினைவுக்கு வந்தது. உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது இந்த நோட்டீஸ் சரியாக இருந்திருக்கும். ஆனால் எங்கள் ஊரில் மனிதர்கள் போடுகிற செருப்பை எங்கே வைப்பார்கள்? வாசலில். நல்லது, கெட்டது, பள்ளிக்கூட ஷூ, கல்யாணச் செருப்பு, எல்லாம் வாசலில். எங்கள் பணியாளர்களோ சொன்ன சொல் தட்டாதவர்கள். வாசலில் இருந்ததை எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குள் மற்றவர்கள் அழைப்புகளும் வரிசை கட்டிவிட்டன. எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன்: கொட்டகைக்கு வாருங்கள், பொருள் பத்திரமாக இருக்கிறது. வங்கி மேனேஜர் மாதிரி சொன்னேன். வண்டியோட்டும் பெண், ஏன் அண்ணாச்சி போனைத் துண்டுல சுத்துதீங்க என்று கேட்டாள். குளிர் என்றேன்.

கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தால் நாலு தெரு ஜனமும் வெறுங்காலோடு நின்றது. இத்தனை பேரை எந்தக் கூட்டத்துக்கும் என்னால் கூட்ட முடிந்ததில்லை. நடுவில் செருப்பு, ஆள் உயரத்துக்கு. ஒவ்வொருவரும் ஒன்றைக் கண்டுபிடித்துக் காலில் போட்டுக்கொண்டு, இணையைத் தேடி ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு டீச்சர், இது என்னுடையதேதான் என்று ஒரு செருப்பைப் பிடித்து இழுக்க, மறுமுனையைப் பிடித்திருந்த மளிகைக் கடைக்காரர், எங்க வீட்டுல இதே மாடல்தான் டீச்சர் என்று மரியாதையாக இழுத்தார். நான் ஒரு பெஞ்சில் ஏறி, பெரியோர்களே என்று தொடங்கி, இது ஒரு முன்னோட்டப் பயிற்சி என்று எதையோ உளறினேன். எதற்கு முன்னோட்டம் என்று ஏட்டு கேட்டார். பேரிடருக்கு என்றேன். அதுதான் வந்துட்டே என்றார். ஜனம் சிரித்தது. சிரித்ததால் நான் பிழைத்தேன்.

எங்கள் மேற்பார்வையாளர் அக்கா அப்போதுதான் என் பக்கத்தில் வந்தாள். என்னைவிடச் சின்னவள்தான், ஆனால் அக்கா என்று கூப்பிடாமல் அந்தக் கொட்டகையில் ஒரு பாட்டிலைக்கூட நகர்த்த முடியாது. சத்தமெல்லாம் அவளைத் தொடவே இல்லை. முகத்தில் பெருமை.

"ஒரு வீடு விடல அண்ணாச்சி. உங்க வீட்டுலதான் போணியே பண்ணுனோம்."

எனக்கு உடனே விளங்கவில்லை. எங்கள் வீட்டில் என்ன செருப்பு இருக்கிறது, நான் ஒன்றைக் காலில் போட்டுக்கொண்டல்லவா வந்துவிட்டேன் என்று யோசித்தேன். பிறகு விளங்கியது.

அதற்கப்புறம் நான் செய்ததை என் எதிரிகூடச் செய்யமாட்டான். பெஞ்சிலிருந்து இறங்கினேன். சிரித்த முகத்தை மாற்றாமலே குவியலுக்குள் முழங்காலிட்டேன். நீல வார் செருப்பு என்று தேடினால், கடவுளே, தென்காசியில் பாதிப் பேர் நீல வார். ஆனால் அவளுடையதில் ஓர் அடையாளம் இருந்தது. நர்சிங் படித்த காலத்தில் ஹாஸ்டலில் செருப்பு மாறிப்போகும் என்று, குதிகால் படும் இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பாள். கல்யாணத்துக்குப் பிறகும், மாறிப்போக ஆளில்லாத வீட்டிலும், புதுச் செருப்பு வாங்கினால் முதலில் அந்தப் பொட்டைத்தான் வைப்பாள். நான் ஒவ்வொரு நீல வாரையும் எடுத்துக் குதிகாலைப் பார்த்தேன். ஏட்டு மேலே நின்றுகொண்டு, என்னவே, சோசியம் பாக்கீரா என்றார். தர ஆய்வு என்றேன்.

குவியல் கரைந்துகொண்டே வந்தது. செருப்பு கிடைத்தவர்கள் திட்டிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ போனார்கள். ஏட்டுக்கு ஆறு சோடியும் கிடைத்தது, ஏழாவதாக ஒன்றும் கிடைத்தது. அதை நேர்மையாகத் திருப்பிப் போட்டார். யாரும் கேட்காத பழசுகளைப் பணியாளர்கள் சாக்கில் கட்டிவிட, கடைசியில் தரை தெரிந்தது. பொட்டு வைத்த செருப்பு இல்லை.

மதுரை லாரி வந்து நின்று நேரமாகியிருந்தது. கட்டி வைத்த சாக்குகளை முன்னாடியே ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அரைக்கும் மெஷின் செருப்பை எப்படி மெல்லும் என்று மதுரைக்காரர் முன்பே எனக்குப் போனில் வீடியோ அனுப்பியிருந்தார். அது கண்ணுக்குள் ஓடியது. இறக்குங்கள் என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாக்கில் பாம்பு இருப்பதாகத் தகவல் என்றேன். இது எனக்கே புதுத் தகவல். டிரைவர் எட்டடி பின்னால் போனார். பாம்பு இருப்பதாக நானே சொன்ன சாக்குக்குள் நானே தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்ததை அவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ தெரியாது. குற்றாலத்து ஒற்றைச் செருப்புகள் ஈரத்தோடு என் சட்டை முழுக்க ஒட்டின. ஒரு சாக்கு, இரண்டு சாக்கு, பத்துச் சாக்கு. இல்லை.

அக்கா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"யாருதைத் தேடுதீங்க அண்ணாச்சி?"

ஏட்டுடையது என்றேன். அவர் எப்போதோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாரே என்று அவள் கேட்கவில்லை. என் கையைப் பார்த்தாள். நல்ல சோடியாக வந்தால் முதல் உரிமை நம் பணியாளர்களுக்கு என்று நீங்கள்தான் சட்டம் போட்டிருக்கிறீர்கள், காலையிலேயே ஒரு சோடியை உரக்குழியில் வேலை பார்க்கிறவளுக்குக் கொடுத்தேன், அவளும் எத்தனை நாளாக ஒரு கறுப்பும் ஒரு பழுப்புமாகப் போட்டுக்கொண்டு திரிகிறாள் என்றாள். ஏட்டுடையதைத் தேடுகிறவர் ஏன் பெண்பிள்ளை அளவுச் செருப்பாகவே புரட்டுகிறார் என்பதையும் அவள் கேட்கவில்லை.

உரக்குழி கொட்டகைக்குப் பின்னால். ஆய்க்குடியிலிருந்து வருகிற பெண், நாற்பது வயது இருக்கும், மண்வெட்டியால் காய்கறிக் கழிவைப் புரட்டிக்கொண்டிருந்தாள். காலில் நீல வார். அவள் குனிந்து புரட்டியபோது குதிகால் தூக்கியது. சிவப்புப் பொட்டு தெரிந்தது.

அதுவரை தேடியது எதற்காக? கேட்பதற்காகத்தானே. கேட்டால் அந்த நிமிஷமே கழற்றி, கழுவி, இரண்டு கையாலும் நீட்டியிருப்பாள். மன்னிப்பும் கேட்டிருப்பாள். அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு நான் என்ன செய்வேன்? வாயைத் திறந்தேன். செருப்பு எப்படி, காலுக்குச் சேருதா என்றுதான் வந்தது.

"அளவெடுத்துச் செஞ்ச மாரி இருக்கு அண்ணாச்சி. யாரு வீட்டு மவராசியோ, கழுவித் தொடச்சுல்லா போட்டிருக்கா. தூக்கிப் போடுததைக் கூட இப்படிப் போடுதவ வீட்ட எப்படி வச்சிருப்பா."

நல்லாத்தான் வைத்திருப்பாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். லாரி முழு லோடோடு போனது. டிரைவர் ஏறும்போது பாம்பு அகப்பட்டதா என்று கேட்டார். அகப்பட்டது, அது வேறு வீட்டுக்குப் போய்விட்டது என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தேன். இடது பக்கம், செருப்பு கிடந்த இடத்தில் சிமெண்ட் மட்டும் கொஞ்சம் வெளுத்து, இரண்டு பாதமாகத் தெரிந்தது. ஆறு வருஷம் வெயில் படாத இடம். அதில் சாரல் விழுந்து நனைந்துகொண்டிருந்தது. ஆறு மணிக்கு அவள் வீடியோவில் கூப்பிடுவாள். சாயங்கால ஷிப்டுக்குப் போகுமுன் பத்து நிமிஷம். அன்றைக்கு முதல்முறையாக, கூப்பிடாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். கூப்பிட்டாள்.

சட்டையெல்லாம் என்ன சேறு என்று கேட்டாள். காலையில் நடந்ததை எல்லாம் சொன்னேன். ஏட்டு, டீச்சர், மளிகைக்கடைக்காரர், பாம்பு. அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான்தான் பையில் போடச் சொன்னேனே என்றாள். பிறகு, உன் செருப்பும் போய்விட்டது என்றேன்.

"எந்தச் செருப்பு?"

"நீ போகும்போது வாசல்ல விட்டுட்டுப் போனது. நீல வார்."

சிரிப்பு நின்றுவிட்டது. அதை அன்றைக்கே எடுத்து உள்ளே எங்கேயோ போட்டுவைத்திருப்பேன் என்று அவள் நினைத்திருந்தாளாம். லீவுக்கு வந்த இரண்டு தடவையும் அதைப் போட்டுக்கொண்டுதானே திரிந்தாய் என்றேன். அது வேறு, வந்தவளுக்காக எங்கிருந்தோ தேடி எடுத்து வைத்தீர்கள் என்று நினைத்தேன், நான் இல்லாதபோதும் வாசலிலேயா கிடந்தது என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஏன் என்று கேட்டாள்.

திருடன் ஜோக் தயாராக இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.  போனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன், மறுபடி மாற்றினேன். ஒரு பெண்ணிடம், அதுவும் இருபத்தாறு வருஷம் முன்னால் தாலி கட்டிய பெண்ணிடம், இரண்டு வார்த்தை பேச ஒருவனுக்கு இவ்வளவு பயமா என்று எனக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பையும் விழுங்கினேன்.

"நீ வந்துரு" என்றேன்.

குவைத்தில் ஏ.சி. ஓடும் சத்தம் கேட்டது. அவள் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாள். "ரெண்டு வருஷத்துக்குக் கேட்டாங்க. ஒரு வருஷம்தான்னு போட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு இருந்தேன்."

சரி என்றேன். 

"நீங்க ஒண்ணுமே சொல்லலையே. எப்பப் பேசினாலும் சிரிக்க வைக்கீங்க. நான் இல்லாம நல்லாத்தான் இருக்கீங்க போலன்னு நெனச்சேன். அங்கன வந்து இடைஞ்சலா எதுக்குன்னு…" முடிக்கவில்லை. முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்து, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

"என்னத்த?"

"இப்பச் சொன்னீங்கல்லா. அத."

சொன்னேன். இந்தத் தடவை அவ்வளவு பயமாக இல்லை. அவள் தலையாட்டினாள். யாரோ வெளியே அவளைக் கூப்பிட்டார்கள், வண்டி வந்துவிட்டது போலிருக்கிறது. வாரேன் என்று குரல் கொடுத்துவிட்டு, போனைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்தாள். அணைக்க மறந்திருப்பாள், அல்லது மறக்கவில்லை. திரையில் அவளுடைய அறையின் கூரை தெரிந்தது. வெள்ளை அடித்த கூரை, ஒரு டியூப் லைட், மூலையில் லேசாக ஒரு நீர்க்கறை. ஆறு வருஷமாக அவள் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த கூரையை நான் அன்றுதான் பார்த்தேன். அலமாரி திறக்கும் சத்தம், சாவிக்கொத்துச் சத்தம், அவள் நடக்கும் சத்தம் எல்லாம் கேட்டது. அவள் திரும்பி வந்து எடுக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.